"சும்மாதான் இருக்கேனுங்க!"

சகோதரிகளே, உங்கள் வீட்டு வாசலில் என்றைக்காவது ஒருத்தி காகிதக் கட்டும் பேனாவுமாக வந்து நின்று, "வீட்டிலே எத்தனை பேர் அம்மா? யார் யாருக்கு என்ன வேலை? மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாளா? அடுப்பில் பால் பொங்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவர்கள் வருவார்கள். நீங்களும் என்னைப் போலவே ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் வாசலிலுமாக, வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அனுப்பியிருப்பீர்கள்.

அப்படி எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன நான், ஒரு நாள் அதே காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு பிறர் வீட்டு வாசலில் நிற்க நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது காங்கேயத்தில். காங்கேயம் என்றதும் உங்களுக்குக் காளைதான் ஞாபகம் வரும். ஊருக்குள் வந்து பாருங்கள், காளையைவிட அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும்தான் அதிகம் கண்ணில் படும். பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். வேனில் ஏற முடியாத பெண்கள் எத்தனையோ பேர். ஒருத்திக்குக் கைக்குழந்தை; ஒருத்திக்குப் படுக்கையில் கிடக்கும் மாமனார்; இன்னொருத்தியை வீட்டில் அனுப்பமாட்டார்கள். அவர்களைத் தேடிப் பனியன் மூட்டைகளே வந்து இறங்கும். தைத்த துணியில் தொங்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்திரியால் வெட்டி, மடித்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். பீஸுக்கு இத்தனை பைசா என்று கணக்கு.

இப்படி வீட்டோடு இருந்து சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான் சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தாள். சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். இந்தக் காலத்துப் பெண் அல்லவா, என்னை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுவாள். "தனியாகப் போனால், நீ யார் வீட்டுப் பெண், கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகவில்லை என்று ஊரார் என்னையே ஆராய்ச்சி பண்ணிவிடுகிறார்கள் ஆன்ட்டி. துணைக்கு வருகிறீர்களா?" என்றாள். குழந்தைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். எனக்கும் பொழுது போகவேண்டுமே! கிளம்பிவிட்டேன்.

முதல் மூன்று நாள் அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெருத் தெருவாக நடந்தாள். கோயில் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, டீக்கடை எங்கே, எந்தத் தெருவில் எந்த ஜனங்கள் என்று ஒரு படம் போட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர் கொடுத்தாள். "இதற்கா டாக்டர் பட்டம்? போஸ்ட்மேனைக் கேட்டால் சொல்லிவிடுவானே!" என்று எனக்குச் சிரிப்பு. "யாரை விட்டுவிட்டேன் என்று தெரிய வேண்டாமா ஆன்ட்டி? நமக்குத் தெரிந்த வீடு, கூப்பிட்டு உட்கார வைக்கிற வீடு என்று மட்டும் போனால், திண்ணை வைத்த வீடுகளின் கதைதான் கிடைக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

நான்காம் நாள் வீட்டுக்குள் போனோம். கேள்வி கேட்கும் முன்பே ஒரு காகிதத்தை வாசித்துக் காட்டுவாள். உங்கள் பேரை எழுதமாட்டேன், இஷ்டமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், பாதியிலே போதும் என்றாலும் சரி, இதனால் உங்களுக்குக் கடனோ வீடோ கிடைக்காது என்று அதில் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி, "பேரே போட மாட்டீன்னா அப்புறம் எதுக்குக் கண்ணு எழுதறே?" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்!

முதல் வீட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. மடி நிறையப் பனியன். கைக் கத்திரி நிற்கவே இல்லை.

"நீங்க என்ன வேலைங்க பண்றீங்க?"

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் இருக்கேனுங்க."

அடுத்த வீட்டுக்காரி தேங்காய்க் களத்திலிருந்து அப்போதுதான் வந்து தலையிலிருந்த துண்டை உதறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தொட்டியிலிருந்து பருப்பைப் பெயர்த்துப் பெயர்த்து அவள் விரலெல்லாம் கீறல். அவளும், "சும்மாதானுங்க இருக்கேன்" என்றாள். மூன்றாவது வீட்டிலும் அதே சும்மா. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனம்மா, பிசிறு வெட்டுகிறாயே, அது வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாங்க, வேலைதானுங்க" என்றாள்.

நான் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்த மாதிரி பெருமையோடு வீடு திரும்பினேன். ராத்திரி அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அது அவங்க பதில் இல்லை ஆன்ட்டி, உங்க பதில். நீங்க வேலை இல்லையான்னு கேட்டதும் ஆமான்னாங்க. இது ஒரு தொந்தரவான்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பாங்க."

மறுநாள் முதல் அவள் கேள்வியை மாற்றினாள். என்ன வேலை என்று கேட்பதில்லை. "நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்னங்க பண்ணுனீங்க?" அவ்வளவுதான்.

"நேத்தா? நாலரைக்கு எந்திரிச்சனுங்க. வாசல் தெளிச்சு, கட்டுத்தரை கூட்டி, பால் கறந்து ஊத்தியாச்சு. சோறாக்கி, பையனைப் பள்ளிக்கூடத்துக்குத் தாட்டி உட்டுட்டு உக்காந்தனுங்க. மூட்டைல நாலு கட்டு இருந்துச்சு. மத்தியானம் மாமனுக்குக் கஞ்சி காச்சிக் குடுத்துப்போட்டு மறுக்கா உக்காந்தனுங்க. பொழுதெறங்க எருமைக்குத் தண்ணி காட்டிட்டு, ராத்திரி பத்து மணி மட்டும் மிச்சத்தை வெட்டுனனுங்க. வேற ஒண்ணும் பண்ணலீங்க."

வேறு ஒன்றும் பண்ணவில்லையாம்! ஆராய்ச்சிக்காரி அரை மணிக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்ட தாளில் இதையெல்லாம் நிரப்பிக்கொண்டே போனாள். கூட்டிப் பார்த்தால் அந்தச் சும்மா இருக்கிறவள் பனியனுக்கு மட்டும் ஏழு மணி நேரம் கொடுத்திருந்தாள்.

இந்த அரை மணிக் கட்டம் அவள் சொந்த யோசனை இல்லை. மத்திய அரசின் புள்ளிவிவரக்காரர்களே 2019-ல் நாடு முழுவதும் இப்படித்தான் கேட்டார்கள். முதல் நாள் விடியற்காலை நாலு மணியிலிருந்து மறுநாள் நாலு மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் குறித்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில், அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷமும், அதைச் செய்கிற ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாகத் தெரிந்தது. 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிஷம் மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்படலாம் என்றால், ஆண்பிள்ளைகளும் கூடவே ஒன்பது நிமிஷத்தை மிச்சப்படுத்திக்கொண்டுவிட்டார்கள் பாருங்கள்!

வேலை வாய்ப்பைக் கணக்கெடுக்கும் தாளிலோ நமக்கெல்லாம் நம்பர் உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவள் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டு உபயோகத்துக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்கிறவள் 93. காசுக்குப் பிசிறு வெட்டுகிறவள் இந்த இரண்டிலும் சேரக்கூடாது. வேலை செய்வோர் பட்டியலுக்குப் போகவேண்டியவள். ஆனால் வாசலில் நின்றபடி "என்ன வேலை?" என்று கேட்டு, "சும்மா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறவர் அவளுக்கு 92 போடாமல் வேறு என்ன போடுவார்? தப்பு அவருடையதா, அவளுடையதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு சாயங்காலம் மாடியில் அவள் ஒரு தடித்த இங்கிலீஷ் புஸ்தகத்தைக் காட்டினாள். புரட்டினால், நம்ம கண்ணபுரம்! மாரியம்மன் நோன்புக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர் போன அதே கண்ணபுரம். ஓலப்பாளையம், காங்கேய நாடு என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த பேராக இருக்கிறது. எழுதியவர் பிரெண்டா பெக் என்ற பெண்மணி. ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, 1964 முதல் 1966 வரை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் வந்து தங்கியிருந்தாராம். அப்போது இதெல்லாம் கோயம்புத்தூர் ஜில்லா. புஸ்தகம் 1972-ல் வெளிவந்தது. கொங்கு நாட்டில் வலங்கை ஜாதிகள் என்றும் இடங்கை ஜாதிகள் என்றும் இருந்த பழைய பிரிவைப் பற்றியது.

அந்த அம்மாள் இந்தப் பெரிய விஷயத்தை எப்படிப் பிடித்தார் தெரியுமா? யார் வீட்டுச் சோற்றை யார் சாப்பிடுவார்கள், விருந்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள், எந்தச் சடங்குக்கு யார் என்ன கொண்டு வருவார்கள், மாமன் மகள் உரிமைப் பெண்ணா அத்தை மகளா என்று ஒவ்வொரு ஜாதியாகக் கேட்டுக் குறித்துத்தான். படித்துவிட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் பந்தி பரிமாறும்போது கண்ணாலேயே கணக்குப் போடுகிற சங்கதி அல்லவா? யாரை முதல் பந்தியில் உட்கார வைப்பது, யாருக்குத் தனியாகக் கொடுத்தனுப்புவது என்பதில் எத்தனை கொடுமை இருந்தது, எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. நமக்குப் பழக்கமாகிவிட்டதால் கண்ணில் படவில்லை. வெளியிலிருந்து வந்தவர் வரிசையாக எழுதி வைத்தபோது தெரிகிறது.

இன்னொன்றையும் அவர் செய்தார். 1965-ல், டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, நம் பக்கத்து அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடச்சொல்லிப் பதிவு செய்தார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி கதைதான். அதே பாடகர் பிறகு தனியாக உட்கார்ந்து கதையைச் சொல்லச் சொல்ல எழுதவும் வைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுபோல் ஒன்று இல்லையாம்! ஊர் கூடி உட்கார்ந்திருக்க உடுக்கைச் சத்தத்தோடு பாடும்போது ஒரு கதை. எழுதுகிறவர் ஒருவர் மட்டும் எதிரில் இருக்கும்போது ஒரு கதை. "இதில் எது நிஜக் கதை?" என்று கேட்டேன். "இரண்டும்தான் ஆன்ட்டி. யார் எதிரில் சொன்னது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

திருப்பூரைப் பற்றியும் ஒரு புஸ்தகம் வைத்திருந்தாள். ஷரத் சாரி என்பவர் 1990-களின் பின்பகுதியில் அங்கே தங்கி விசாரித்து, 2004-ல் வெளியிட்டது. ஒன்றுமில்லாமல் வந்து கம்பெனி முதலாளிகளான கவுண்டர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாக ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம்: உழைப்பு. அவர்கள் உழைத்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டு போகாமல், இதை யார் சொல்கிறார்கள், யாரைப் பற்றிச் சொல்வதில்லை என்று அவர் நிதானித்து விசாரித்திருக்கிறார். படிக்கும்போது எனக்கு அந்தத் தலைத்துண்டுக்காரி ஞாபகம் வந்தாள். ஒரே தொழில், அதன் ஒரு முனையில் இருக்கிறவர் உழைத்தேன் என்கிறார், மறுமுனையில் இருக்கிறவள் சும்மா இருக்கிறேன் என்கிறாள்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

கிராமத்து வீட்டில் மருமகளிடம் கேள்வி கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார். "இவளுக்கு என்ன தெரியும், நாஞ் சொல்றேன் எழுதிக்கொ" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றுகொள்வார்கள். அதற்கு நாங்கள் ஒரு உபாயம் செய்தோம். ஆராய்ச்சிக்காரி வாசலில் உட்கார்ந்து மாமியாரிடம் பழைய காலத்துக் கதை கேட்பாள். கிணற்று இறவை, சோளக்களி என்று அவர்களும் உற்சாகமாகச் சொல்வார்கள். நான் அந்த நேரத்தில் மருமகளோடு உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். அடுப்படிப் பதில்கள் வாசல் பதில்கள் மாதிரி இருக்காது.

அப்படி ஒரு அடுப்படியில்தான், இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள். வாரக் கூலியை முழுக்க அத்தையிடம் கொடுத்துவிடுவதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ராத்திரியில் கூடுதலாக வெட்டும் கட்டுக்கான காசை மூட்டைக்காரரிடமே விட்டுவைத்து, மாதம் ஒரு சீட்டுக் கட்டி வருகிறாள். மகள் ஐந்தாவது படிக்கிறாள். "என்னையாட்ட பத்தாவதோட நிறுத்திரக்கூடாதுங்க பெரீம்மா" என்றாள். அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு வளைகாப்பு. பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று யாரோ சொல்ல, எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் போதாது? ஒரு பெண் பிசிறு வெட்டுகிற காசிலே வீட்டுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுகிறாள், மகளைப் படிக்க வைக்க. புளியமரத்து வீட்டுப் பெண், எவ்வளவு அடக்கம், எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!" என்று வாய் நிறையப் புகழ்ந்தேன். பேர் சொன்னேனா? இல்லை. ஊர் சொன்னேனா? இல்லை. புளியமரம் என்று ஒரு வார்த்தை.

ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அடுத்த முறை நாங்கள் போனபோது அந்த வீட்டில் வாசலிலேயே நாற்காலி போட்டார்கள். அடுப்படிக்கு அழைக்கவில்லை. சீட்டை முறித்து வந்த பணம் புருஷனின் பைக் தவணைக்குப் போய்விட்டது. கட்டுக் காசை இப்போது மாமியாரே மூட்டைக்காரரிடம் நேராக வாங்கிக்கொள்கிறார். யாரும் சண்டை போடவில்லை, அடிக்கவில்லை. எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவளிடம் ஆராய்ச்சிக்காரி வழக்கம்போல முதல் நாள் என்ன செய்தாள் என்று கேட்டாள். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான் இருக்கேனுங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "அந்தக் காகிதத்தை வாசித்தது நான். கேட்டதை வெளியே சொல்லமாட்டோம் என்று உங்களையும் சேர்த்துத்தான் வாக்குக் கொடுத்தேன். உங்களுக்கு அதை விளக்காமல் விட்டது என் தப்பு" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவே தன் பேராசிரியருக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அந்த வீட்டு நம்பரை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டாள். ஊர்ப் பேரை மாற்றி எழுதுவது முன்பே தீர்மானித்ததுதான். மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1948-ல் தங்கி ஆராய்ந்த எம். என். ஸ்ரீநிவாஸ்கூட அதற்கு ராம்பூரா என்று வேறு பேர்தான் வைத்தார். 1970-ல் அமெரிக்காவில் அவருடைய குறிப்புப் பிரதிகள் தீக்கிரையாகிவிட, ஞாபகத்தை நம்பியே 1976-ல் புஸ்தகமாக எழுதினார் என்று முன்பொரு நாள் அவள் சொல்லியிருந்தாள். அந்த ராம்பூராவின் நிஜப் பேர் கோடகஹள்ளி என்பது இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். "பேரை மாற்றினால் மட்டும் போதாது ஆன்ட்டி. புளியமரத்தையும் வெட்டவேண்டும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு எல்லாப் பெண்களின் சேமிப்பைப் பற்றிய பகுதியையே அவள் சுருக்கிவிட்டாள். மறைவாகச் சீட்டுக் கட்டுகிறவர்கள் வேறு எட்டு வீடுகளிலும் இருந்தார்கள். எழுதினால் படிக்கிறவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் அதே எழுத்து யாராவது மாமியார் கையிலோ புருஷன் கையிலோ போய்ச் சேர்ந்தால் எட்டு அடுப்படிகளிலும் கதவு சாத்திவிடும். ஆகவே எழுதவில்லை. நான் இப்போது எழுதுகிறேனே என்று கேட்பீர்கள். மரம், வயது, பிள்ளையின் வகுப்பு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் புளியமரமே கிடையாது.

ஆராய்ச்சி முடிந்து அவள் ஊருக்குப் போன பிறகு, மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் நான் மட்டும் பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். அவள் மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். "வாங்க பெரீம்மா" என்று எழுந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பரவால்லீங்க" என்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அத்தை வார நேரமுங்க. பஸ் ஸ்டாப்புலயே பாத்திருப்பாங்க. எதுக்கு வந்தாங்கன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க பெரீம்மா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சும்மா வந்தேன்னு சொல்லு கண்ணு" என்றேன்.

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்திரியை எடுத்துக்கொண்டு அடுத்த பனியனைப் பிரித்தாள்.